வேடிக்கைப் பொருளாக நின்றவர்கள் டிக்கெட் வாங்கிய கதை



"உங்களுக்குத்தான் கண்ணு தெரியாதே, தீம் பார்க்குக்குப் போய் என்ன சார் பார்ப்பீங்க?" அலுவலகத்தில் ஒரு நண்பர் கேட்டார். நல்ல மனுஷர், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். டீ நேரத்தில் அவருக்குச் சொன்ன பதில் சின்னது. "பார்க்கப் போகலை சார், உச்சியில இருந்து விழப் போறேன்." ரோலர் கோஸ்டர் மேலே ஏறிக் கவிழும் நொடியில் பார்வை உள்ளவர்களே பலர் கண்ணை இறுக்க மூடிக்கொள்கிறார்களாம். எனக்கு அந்த ஒரு வேலை மிச்சம், அவ்வளவுதான் :-)

பெரிய பதில் ஒன்றும் இருக்கிறது. அதற்கு 250 வருடம் பின்னால் போகவேண்டும். அதைத்தான் இந்தப் பதிவில் எழுதப்போகிறேன்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வரி அறிமுகம். நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவன். சொந்த ஊர் நெல்லைப் பக்கம். பாளையங்கோட்டையில் 1890இல் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி இருக்கிறதே, அங்கேதான் பிரெய்ல் படித்தேன். பிறகு வங்கித் தேர்வு, தில்லி, கல்யாணம், ஒரு மகள். கணினியில் உள்ள ஸ்கிரீன் ரீடர் எழுத்தை வாசித்துச் சொல்ல, கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்கிறேன்.

சரி, கதைக்கு வருவோம்.

1771, செப்டம்பர் மாதம், பாரிஸ் நகரம். செயின்ட் ஓவிட் சந்தை என்று வருடா வருடம் ஒரு திருவிழா நடக்கும். நம்ம ஊர்ப் பொருட்காட்சி மாதிரிதான்: கடைகள், கழைக்கூத்து, பொம்மலாட்டம், தின்பண்டம். இன்றைக்கு கான்கார்ட் சதுக்கம் என்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் இடத்தில்தான் அந்த வருடம் அது நடந்தது. அங்கே ஒரு காபிக் கடைக்காரர் கூட்டம் சேர்க்க ஒரு வழி கண்டுபிடித்தார். பார்வையற்ற ஆண்கள் சிலரைக் கூட்டிவந்து மேடையில் உட்கார வைத்தார். நீள அங்கி, தலையில் கூம்புத் தொப்பி, மூக்கில் அட்டையால் செய்த பெரிய கண்ணாடி. ஆளுக்கொரு வயலினைக் கொடுத்து, எதிரே இசைக்குறிப்புத் தாளையும் விரித்து வைத்து, அதற்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தியும் ஏற்றி வைத்தார். வெளிச்சம் வேண்டுமல்லவா, படித்து வாசிப்பதற்கு! தாறுமாறாக இழுத்த அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வியாபாரம் அமோகம்.

அதாவது, பொழுதுபோக்குப் பூங்காக்களின் முன்னோடியான சந்தைகளில் நாங்கள் அப்போதே இருந்திருக்கிறோம். ஆனால் டிக்கெட் வாங்கியவர்களாக இல்லை. காட்சிப் பொருளாக.

அந்தக் கூட்டத்தில் சிரிக்காமல் நின்ற ஒருவர் வாலென்டின் ஹாயி. மொழிபெயர்ப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்த, 25 வயது இளைஞர். இந்தக் கேலியை நிஜமாக்கிக் காட்டுகிறேன், இவர்கள் கையில் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்க வைக்கிறேன் என்று முடிவு செய்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். முடிவுக்கும் செயலுக்கும் நடுவே 13 வருடம் ஓடியது. 1784இல் தேவாலய வாசலில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த பிரான்சுவா லெசுவர் என்ற பார்வையற்ற இளைஞரை முதல் மாணவராகச் சேர்த்துக்கொண்டார். தாளில் புடைத்து நிற்கும்படி அச்சடித்த எழுத்துகளை விரலால் தடவிப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். 1785இல் அது பள்ளிக்கூடம் ஆனது. உலகத்திலேயே பார்வையற்றவர்களுக்கான முதல் பள்ளிக்கூடம் என்று அதைத்தான் சொல்வார்கள்.

1819இல் அதே பள்ளியில் பத்து வயதுப் பையன் ஒருவன் சேர்ந்தான். பெயர் லூயி பிரெய்ல். 1824இல், பதினைந்து வயதில், ஆறு புள்ளிகளில் மொத்த எழுத்துலகத்தையும் அடக்கிக் காட்டினான். நான் பாளையங்கோட்டையில் விரலால் தடவிப் படித்த 'அ'வுக்கு வேர் தேடிப் போனால், அந்தச் சந்தையின் கேலிக் கச்சேரியில் போய் நிற்கும். ஒரு பொழுதுபோக்கு மைதானத்தில் கிடைத்த அவமானம் எங்கள் கல்விக்கு வித்தானது. அதனால் அந்த மைதானத்துக்கும் எங்களுக்கும் பழைய கணக்கு உண்டு.

கல்வி வந்துவிட்டது. சந்தையில் இடம் வந்ததா? அதற்கு இன்னும் நெடுநாள் ஆனது.

1955 ஜூலை 17 அன்று அமெரிக்காவில் டிஸ்னிலேண்ட் திறந்தார்கள். அதோடு 'தீம் பார்க்' என்ற புது யுகம் பிறந்தது. கேலி மேடைகள் காலாவதியாகியிருந்தன, நல்லது. ஆனால் புதிய பூங்காவை வடிவமைத்தவர்களின் வரைபடத்தில் பார்வையற்ற விருந்தாளி என்று ஒருவர் பெரும்பாலும் இல்லவே இல்லை. இது கேலியை விட நாகரிகமானது, ஆனால் வெளியே நிற்க வைப்பதில் இரண்டும் ஒன்றுதான். பொம்மைகள் ஆடும், விளக்குகள் மின்னும், கதை நகரும். பக்கத்தில் யாராவது சொன்னால் உண்டு, இல்லாவிட்டால் இருட்டில் ஒரு படகு சவாரி, அவ்வளவுதான்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். டிஸ்னியின் புகழ்பெற்ற 'ஸ்பேஸ் மவுண்டன்' 1975இல் ஃப்ளோரிடாவிலும் 1977இல் கலிஃபோர்னியாவிலும் வந்தது. கட்டடத்துக்குள்ளே, கும்மிருட்டில் ஓடும் ரோலர் கோஸ்டர். அடுத்த வளைவு எங்கே என்று தெரியாததுதான் அதன் கிக்கே! பார்வை உள்ளவர்கள் காசு கொடுத்து, வரிசையில் நின்று, மூன்று நிமிடம் எங்களைப் போல இருந்துவிட்டு வருகிறார்கள். எங்களைக் கேட்டிருந்தால் இலவசமாகவே சொல்லியிருப்போம் :-)

மாற்றம் பூங்காவுக்குள்ளிருந்து வரவில்லை, வெளியிலிருந்து வந்தது. 1967இல் ஜப்பானின் ஒகயாமா நகரத்தில் செயிச்சி மியாகே என்பவர் கண்டுபிடித்த புடைப்பு ஓடுகள் முதன்முதலாகத் தெருவில் பதிக்கப்பட்டன. தில்லி மெட்ரோ நடைமேடையில் உங்கள் பெட்டியின் சக்கரம் தடதடவென்று மோதுமே, அந்த மஞ்சள் ஓடு அதன் வாரிசு. 1981இல் வாஷிங்டனில், தானே பார்வைக் குறைபாடு உள்ள மார்கரெட் ஃபான்ஸ்டீல் என்ற பெண்மணியும் அவர் கணவரும் நாடக அரங்கில் 'ஒலி விவரணை'யைத் தொடங்கினார்கள். வசனங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில், மேடையில் என்ன நடக்கிறது என்று காதில் ஒரு குரல் சொல்லும். அவ்வளவு எளிமையான யோசனை.

1990 ஜூலை 26இல் அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. இதற்கப்புறம்தான் தனியார் பூங்காக்களும் பதில் சொல்லியாக வேண்டிய நிலைமை. 2010இல் டிஸ்னி தன் அமெரிக்கப் பூங்காக்களில் உள்ளங்கை அளவுக் கருவி ஒன்றில் ஒலி விவரணையைச் சேர்த்தது. சவாரியில் வண்டி நகர நகர, ஆங்காங்கே உள்ள சமிக்ஞையைப் பிடித்து, "இடது பக்கம் கப்பல் எரிகிறது" என்கிற மாதிரி அது காதில் சொல்லும். நடக்கும்போது அருகில் கழிவறை எங்கே, உணவகம் எங்கே என்றும் சொல்லும். டோக்கியோ டிஸ்னியில் சவாரி வண்டிகளின் சிறு மாதிரிகளையே கையில் கொடுக்கிறார்கள். ஏறப்போகும் வண்டியின் வடிவத்தை விரலால் பார்த்துவிட்டு ஏறலாம்.

இதெல்லாம் கருணையில் மட்டும் வந்துவிடவில்லை. அமெரிக்காவில் பார்வையற்ற பெண்கள் சிலர் டிஸ்னி மீது வழக்குப் போட்டார்கள். இணையதளம் ஸ்கிரீன் ரீடருக்குப் புரியவில்லை, பிரெய்ல் வசதி போதவில்லை என்பது போன்ற குறைகள். 2011இல் நீதிமன்றம் அதைப் பலர் சார்பான வழக்காக ஏற்றது, அடுத்த வருடம் சமரசம் ஆனது. டிக்கெட் வாங்கியவர் கேள்வி கேட்கலாம், காட்சிப் பொருள் கேட்க முடியாது. 1771க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

இப்போது நம்ம நாட்டுக்கு வருவோம். தில்லியில் பழைய ஆட்களைக் கேட்டால் அப்பு கர் பற்றிக் கண்கள் விரியச் சொல்வார்கள். 1982 ஆசிய விளையாட்டின் சின்னமான யானைக்குட்டி அப்புவின் பெயரில் 1984இல் பிரகதி மைதானில் திறந்தார்கள். நாட்டின் முதல் பொழுதுபோக்குப் பூங்கா என்று அதைச் சொல்வதுண்டு. 1989இல் மும்பையில் எஸ்ஸெல் வேர்ல்ட், 1995இல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா என்று வரிசையாக வந்தன. அப்பு கர் திறந்த காலத்தில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கென்று தனிச் சட்டமே நம்மிடம் இல்லை. முதல் சட்டம் 1995இல் வந்தது. அதிலும் சாலை, கட்டடம், போக்குவரத்து பற்றிய பிரிவுகளில் 'பொருளாதார வசதிக்கு உட்பட்டு' என்று ஒரு வால் ஒட்டியிருந்தது. 2007 அக்டோபரில் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. அதன் 30ஆவது பிரிவு பொழுதுபோக்கையும் சுற்றுலாவையும் உரிமை என்றே சொல்கிறது. 2016இல் புதுச் சட்டம் வந்தது. அதில் தனியார் சேவைகளுக்கும் பொறுப்பு உண்டு.

சட்டம் இருக்கிறது. களம் எப்படி? போன கோடை விடுமுறையில் தில்லியைச் சுற்றியுள்ள பூங்காக்களில் ஒன்றுக்குக் குடும்பத்தோடு போனோம். பெயர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை, செம கூட்டம்.

கூட்டம்தான் எனக்குப் பிரச்சினை என்று நினைப்பீர்கள். இல்லை. கூட்டம் உதவி. வரிசை வளைந்து வளைந்து போகும்போது முன்னால் போகிறவரின் செருப்புச் சத்தமே வழி காட்டும். பிரச்சினை ஒலிபெருக்கி. எனக்கு வழி சொல்வது சத்தமும் வாசனையும் தரையின் சரிவும்தான். இடப்பக்கம் தண்ணீர் கொட்டுகிறது, வலப்பக்கம் பாப்கார்ன், நேரே ரயிலின் கடகட. கம்பத்துக்குக் கம்பம் ஒரே பாட்டைப் போட்டு அலறவிட்டால் எல்லாத் திசையும் ஒரே திசை ஆகிவிடும். டிசம்பர் பனிமூட்டத்தில் தில்லிச் சாலையில் கார் ஓட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அலைக்குளத்தில் இதே கதை. நாலு பக்கமும் அலையும் கூச்சலும், கரை எந்தப் பக்கம் என்று பிடிபடாது. தங்கமணி கரையில் ஒரே இடத்தில் நின்று, நிமிடத்துக்கு ஒருமுறை என் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். 'என்னங்க' என்றால் கூச்சலில் எடுபடவில்லையாம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான் :-)

முதல் நான்கு சவாரிகளில் யாரும் எதுவும் கேட்கவில்லை. டிக்கெட்டைப் பார்த்தார்கள், ஏற்றிவிட்டார்கள். ஐந்தாவது, ரோலர் கோஸ்டர். முக்கால் மணி நேர வரிசை. தங்கமணிக்கு ஊஞ்சலில் உட்கார்ந்தாலே தலை சுற்றும், அதனால் நானும் ஒன்பது வயது மகளும் மட்டும். வாசலில் இருந்த பலகையை மகள் படித்துக் காட்டினாள். இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், முதுகுவலி உள்ளவர்கள் கூடாது. 130 செ.மீ.க்குக் குறைவான குழந்தைகளுடன் ஒரு பெரியவர் வரவேண்டும். பார்வை பற்றி ஒரு வார்த்தை இல்லை.

என் கையில் வெண்கோலைப் பார்த்ததும் ஊழியர் கையை நீட்டித் தடுத்தார். இந்தியில் நடந்த பேச்சைத் தமிழில் தருகிறேன்.

"இவர் போக முடியாது. கூட யாராவது வந்தால் பார்க்கலாம்."

"நான்தான் கூட வந்திருக்கேனே," என்றாள் மகள்.

"நீ குழந்தை. உன்கூட ஒரு பெரியவர் வரணும்."

"இவர் பெரியவர்தானே?"

அதற்கு அவரிடம் பதில் இல்லை. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார். வந்தவர் மரியாதையாகவே பேசினார். வண்டி பாதியில் நின்றுவிட்டால் பக்கவாட்டுப் படிக்கட்டில் இறங்கவேண்டும், அதனால் பாதுகாப்புக்காக என்றார். நியாயமான கவலைதான், தட்டிவிட முடியாது. "படிக்கட்டுக்குக் கைப்பிடி உண்டா?" என்று கேட்டேன். உண்டு. "நான் தினமும் ராஜீவ் சௌக்கில் ஏறி இறங்குகிறேன். பார்வையற்றவர் ஏறக்கூடாது என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா?" எழுதவில்லை. "ரூல் சார்" என்பதுதான் கடைசி வரை பதில். சமாதானத்துக்கு ஐஸ்கிரீம் கூப்பன் கொடுத்தார்கள். வாங்கவில்லை.

அடுத்து ஆடும் கப்பலுக்குப் போனோம். அங்கே இருந்த பையன் என் கையைப் பிடிக்காமல், முதலில் கேட்டான். பிறகு என் உள்ளங்கையைக் கம்பி மேல் வைத்து, "இதைப் பிடிச்சுக்கோங்க, மெதுவாத் தொடங்கும், போகப்போக உயரும்" என்றான். பத்து நொடி வேலை. அதே பூங்கா, அதே சீருடை. ஒருவருக்கு நான் ஆபத்து, இன்னொருவருக்கு நான் வாடிக்கையாளர். விதி என்று ஒன்று இருந்திருந்தால் இப்படி ஆளுக்கு ஆள் மாறுமா?

படிக்கட்டுக் கவலைக்கு வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் 78ஆவது மாடியில் மைக்கேல் ஹிங்சன் என்ற பார்வையற்றவர் வேலையில் இருந்தார். தன் வழிகாட்டி நாய் ரோசெல்லுடன் அத்தனை மாடிப் படிகளையும் இறங்கி உயிரோடு வெளியே வந்தார். புகையிலும் இருட்டிலும் படி இறங்குவது எங்களுக்குத் தினசரிப் பழக்கம். பார்வை உள்ளவர்களுக்குத்தான் அது புதுசு.

அதற்காக எல்லாவற்றிலும் ஏற்று என்று கேட்கவில்லை. கோ-கார்ட் வண்டியை நான் ஓட்டக்கூடாது. அது நிஜமான ஆபத்து, எனக்கும் அடுத்தவருக்கும். அமெரிக்கச் சட்டத்தின் விதிகளில் இந்தக் கோட்டை அழகாகப் போட்டிருக்கிறார்கள். பாதுகாப்பு நிபந்தனை வைக்கலாம், ஆனால் அது உண்மையான ஆபத்தை வைத்து இருக்கவேண்டும், யூகத்தையும் முன்முடிவையும் வைத்து அல்ல. எனக்கு வேண்டியது இந்த ஒரு கோடுதான்.

நம்ம ஊரிலும் அந்தக் கோடு வரைவதற்கான பேச்சு நடந்திருக்கிறது, அதுவும் வேடிக்கையான ஓர் இடத்தில். அப்பு கர் 2008இல் மூடப்பட்டது. அந்த நிலத்தில் இப்போது உச்ச நீதிமன்றத்தின் கூடுதல் கட்டட வளாகம் இருக்கிறது, 2019 ஜூலை 17இல் திறந்தார்கள். ராட்டினம் சுற்றிய இடத்தில் நீதிமன்றம்! அந்த உச்ச நீதிமன்றத்தில்தான் பார்வைக் குறைபாடு உள்ள ராஜீவ் ரதூரி, பொது இடங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி செய்யவேண்டும் என்று 2005இல் மனுப் போட்டார். 2017இல் ஒரு தீர்ப்பு வந்தது. 2024 நவம்பர் 8இல் இன்னொன்று. 2017ஆம் ஆண்டு விதிகளில் அணுகல் பற்றிய 15(1) விதி வெறும் பரிந்துரையாக நிற்கிறது, சட்டமோ கட்டாயம் என்கிறது, ஆகவே அந்த விதி செல்லாது என்றது நீதிமன்றம். மூன்று மாதத்துக்குள் கட்டாய விதிகளை வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. மனுவுக்கும் இந்தத் தீர்ப்புக்கும் நடுவே 19 வருடம். ஹாயி எடுத்துக்கொண்டதைவிட ஆறு வருடம் அதிகம்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் மகள் ஒரு கேள்வி கேட்டாள். "130 ஆனதும் நான் தனியாப் போகலாம். நீங்க எப்போ போகலாம்ப்பா?" அவள் வளர்ந்தால் தீரும் தடை அவளுடையது. என்னுடையது என்னால் வளர்ந்து தீர்க்க முடியாதது. மற்றவர்கள்தான் வளரவேண்டும். குழந்தைக்கு இதை எப்படிச் சொல்ல? "எழுதிக் கேட்போம்" என்று மட்டும் சொன்னேன். பூங்காவுக்குக் கடிதம் எழுதினேன். மூன்று வாரம் கழித்து, பாதுகாப்பே எங்கள் முதல் கடமை என்று நாலு வரிப் பதில் வந்தது. மறுபடி எழுதியிருக்கிறேன், இந்த முறை சட்டப் பிரிவுகளோடு.

நான் கேட்டிருப்பது பெரிய செலவுள்ள விஷயம் இல்லை. எந்தச் சவாரிக்கு எந்த உடல் தகுதி வேண்டும், ஏன் வேண்டும் என்று எழுத்தில் வையுங்கள், அதை ஸ்கிரீன் ரீடர் படிக்கும்படி இணையதளத்திலும் போடுங்கள். ஊழியர்களுக்கு அந்தக் கப்பல் பையன் செய்த பத்து நொடி வேலையைச் சொல்லிக்கொடுங்கள். சவாரியில் ஏறும்போது வெண்கோலை வாங்கி வைத்து, இறங்கும் இடத்தில் கையில் கொடுங்கள். நாலு கம்பத்தில் பாட்டைக் குறையுங்கள்.

வாசிக்கும் உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஊரிலிருந்து அப்பா அம்மா வருவார்கள். சர்க்கரையாலோ கண்ணழுத்த நோயாலோ பார்வை மங்கியிருக்கும். "கூட்டமா இருக்கும், நீங்க வீட்டிலேயே இருங்க" என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். கூட்டிப் போங்கள். அவர்கள் கையைப் பிடித்து இழுக்காமல் உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அரை அடி முன்னால் நடந்தால் போதும், படி ஏறுவதும் இறங்குவதும் உங்கள் உடம்பிலிருந்தே அவர்களுக்குத் தெரியும். என்ன நடக்கிறது என்று சும்மா சொல்லிக்கொண்டே வாருங்கள், அழகாகச் சொல்லவேண்டும் என்று இல்லை. வாசலில் யாராவது தடுத்தால், எங்கே எழுதியிருக்கிறது என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

பெங்களூர், ஹைதராபாத், மும்பை, புனே பக்கம் இருக்கும் நண்பர்கள் உங்கள் ஊர்ப் பூங்காக்களில் எப்படி என்று எழுதுங்கள். எந்தச் சவாரியில் ஏற்றினார்கள், எதில் மறுத்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள். சேர்த்து ஒரு பட்டியல் போடலாம். அடுத்த விடுமுறைக்குள் முடித்தால் நாலு குடும்பத்துக்கு உதவும்.